பதினொரு கால்கள்

நிக்ஸி ட்யூபைப் பற்றி யார் பேச ஆரம்பித்தாலும் அந்த ஆரஞ்சு வெளிச்சத்தில்தான் போய் நிற்பார்கள். நிற்கட்டும், அழகுதான். ஆனால் ரிப்பேர் பெஞ்சிலேயே ஆயுசைக் கழித்த எனக்கு, ஒரு ட்யூப் கைக்கு வந்ததும் அதைக் கவிழ்த்துப் பார்க்கத்தான் கை போகும். அடியில் எத்தனை கால்? விறைப்பான பின்னா, தொங்கும் கம்பியா? வட்டமாக நிற்கிறதா, நீள்வட்டமாகவா? இதைப் பார்த்தாலே அந்த ட்யூப் எந்தக் காலத்தது, அதைச் செய்தவர்கள் அது எத்தனை நாள் எரியும் என்று நினைத்தார்கள் என்பது பெரும்பாலும் பிடிபட்டுவிடும். ட்யூபின் சரித்திரத்தை அதன் சாக்கெட்டிலிருந்து சொல்லலாம் என்று நான் நம்புவது அதனால்தான்.

எல்இடி வருவதற்கு முந்தைய எண்காட்டி அது. ஒரு கண்ணாடிக் குமிழ். உள்ளே காற்றை இழுத்துவிட்டுக் குறைந்த அழுத்தத்தில் நியான் வாயு. 0 முதல் 9 வரை பத்து எண்களையும் மெல்லிய உலோகத்தில் வெட்டி ஒன்றின் பின் ஒன்றாக அடுக்கியிருப்பார்கள். முன்னால் ஒரு வலை, அதுதான் ஆனோடு. வலைக்கும் ஏதாவது ஓர் எண்ணுக்கும் நடுவே சுமார் 170 வோல்ட் கொடுத்தால், அந்த எண்ணைச் சுற்றியுள்ள வாயு அதன் வடிவத்தை ஒட்டியே ஒளிரும். பற்றிக்கொண்ட பிறகு 140 சொச்சம் வோல்ட் போதும். உள்ளே எதுவும் பழுக்கக் காய்வதில்லை, ஃபிலமென்ட் கிடையாது, தொட்டால் சூடே தெரியாது. எண்களை அடுக்குவதும் வரிசைப்படி அல்ல. முன்னால் நிற்கும் எண் பின்னால் இருப்பதை அதிகம் மறைத்துவிடாதபடி பார்த்து மாற்றி மாற்றி அடுக்கியிருப்பார்கள். அதனால்தான் நிக்ஸி கடிகாரத்தில் விநாடி ஓடும்போது எண்கள் முன்னும் பின்னும் நகர்வது மாதிரி தெரிகிறது.

இப்போது கால்களை எண்ணுங்கள். பத்து எண்ணுக்குப் பத்து, வலைக்கு ஒன்று. பதினொன்று. தசமப் புள்ளி வேண்டுமென்றால் பன்னிரண்டு, இரண்டு பக்கமும் புள்ளி என்றால் பதின்மூன்று. சிக்கல் இங்கேதான் பிறந்தது. 1935-இல் வந்த ஆக்டல் சாக்கெட்டுக்கு எட்டுக் கால். நம் வீட்டுப் பழைய வால்வு ரேடியோவைத் திறந்தவர்களுக்கு நடுவில் தடித்த சாவிக்குச்சியோடு இருக்கும் அந்த பேக்லைட் அடி நினைவிருக்கும். அதன் பின் வந்த சின்ன வால்வுகளுக்கு ஏழு கால், அடுத்து நோவல் என்ற ஒன்பது கால். ரேடியோ உலகத்தின் கடைகளில் குவிந்து கிடந்த சாக்கெட் எல்லாம் ஒன்பதோடு நின்றுவிட்டன. பதினொரு கால், பன்னிரண்டு கால் சாக்கெட்டுகள் இல்லாமல் இல்லை. வெளிச்சத்தை எண்ணும் போட்டோமல்ட்டிபிளையருக்கும் டிவி பிக்சர் ட்யூபுக்கும் இருந்தன. ஆனால் வரிசையாக ஆறு எண்ணைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்த அவ்வளவு அகலமான அடி தோதுப்படாது. ஆக, இந்த ட்யூபோடு சேர்த்து அதற்கென்று தனி சாக்கெட்டும் பிறக்க வேண்டியிருந்தது.

ஒரு காலைக் குறைக்கும் முயற்சியும் நடந்தது. நிக்ஸிக்குச் சற்று முன்னால் அமெரிக்காவில் நேஷனல் யூனியன் நிறுவனம் இன்டிட்ரான் என்ற எண்குழாயைக் கொண்டுவந்தது. அதில் தனி ஆனோடே கிடையாது. எந்த எண் எரிய வேண்டுமோ அது போக மற்ற எண்கள் எல்லாம் சேர்ந்து ஆனோடு வேலையைப் பார்க்கும். கேட்கக் கெட்டிக்காரத்தனமாக இருக்கிறது. ஒவ்வொரு எண் மாறும்போதும் மிச்சமிருப்பவற்றின் இணைப்பையும் மாற்றித் தொலைக்க வேண்டும், அதன் அவஸ்தை சர்க்யூட் போடுகிறவனிடம் கேட்டால்தான் தெரியும். அது நிலைக்கவில்லை.

நிலைத்தது ஹேடு சகோதரர்களின் ட்யூப். ஜார்ஜ் ஹேடு, ஜோல்டான் ஹேடு இருவரும் நியூஜெர்சியில் நடத்திய சின்னக் கம்பெனியை பரோஸ் வாங்கியது. 1955-இல் நிக்ஸி என்ற பெயரோடு ட்யூபைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. பரோஸ் யார்? பல் சக்கரமும் நெம்புகோலுமாகக் கூட்டல் இயந்திரம் செய்து வங்கிகளுக்கு விற்றுப் பெரிதான கம்பெனி. எண்ணைக் காகிதத்தில் அடித்துக் காட்டிப் பிழைத்தவர்களுக்கு எண்ணை வெளிச்சத்தில் காட்ட வேண்டிய காலம் வந்துவிட்டது என்பது நன்றாகவே தெரிந்திருக்கிறது. நிக்ஸி என்பது பரோஸின் வணிகப் பெயர். மற்றவர்கள் டிஜிட்ரான், நியூமிகேட்டர் என்று வேறு வேறு பெயரில் விற்றார்கள். எங்களுக்கு எல்லாமே நிக்ஸிதான்.

ஆரம்பகால ட்யூபுகள் பிடுங்கி மாட்டும்படியான அடியோடு வந்ததில் ஆச்சரியமே இல்லை. அதைச் செய்தவர்கள் வால்வு உலகத்தில் வளர்ந்தவர்கள். வால்வு என்றால் ஒரு நாள் போகும், போனால் பிடுங்கிவிட்டு வேறு போட வேண்டும், அதற்குத்தான் சாக்கெட். அவர்கள் பயத்துக்குக் காரணமும் இருந்தது. முதல் நிக்ஸிகளின் ஆயுள் சராசரி 5,000 மணி நேரம் அளவில்தான். இரவு பகல் ஓடும் கருவி என்றால் ஏழு மாதம். எரியும் எண்ணிலிருந்து உலோகத் துகள் தெறித்துப் பக்கத்து எண்களின் மேலும் கண்ணாடியின் மேலும் படியும், எண்ணின் சில பகுதிகள் இருண்டுபோகும். வாயுவோடு துளி பாதரசத்தையும் சேர்த்த பிறகு இந்தத் தெறிப்பு வெகுவாக அடங்கியது. கடைசிக் காலத்து ட்யூப் சிலவற்றுக்கு 2,00,000 மணி நேரம் என்று சொன்னார்கள். இருபத்திரண்டு வருஷத்துக்கு மேல்! எந்தக் கருவிக்குள் அது இருக்கிறதோ அந்தக் கருவியே அத்தனை நாள் உழைக்காது.

அப்புறம் சாக்கெட் எதற்கு? ஒருவன் கணக்குப் பார்த்தால் இந்தக் கேள்வி வந்தே தீரும். 1961-இல் லண்டன் பெல் பஞ்ச் கம்பெனி அனிட்டா கால்குலேட்டரைக் கொண்டுவந்தது. பஸ்ஸிலும் டிராமிலும் டிக்கெட்டில் ஓட்டை போடும் கருவி செய்துகொண்டிருந்த கம்பெனி அது. மேசைமேல் வைக்கும் முழு எலெக்ட்ரானிக் கால்குலேட்டர்களில் அனிட்டாதான் முதல், அதில் எண்ணைக் காட்டியவை இந்த வகைக் குழாய்கள்தாம். அடுத்த பத்து வருஷத்தில் ஜப்பான்காரர்கள் உள்ளே புகுந்தார்கள், விலை சரிந்தது. ஒவ்வொரு கால்குலேட்டரிலும் பத்துப் பன்னிரண்டு நிக்ஸி வரிசை. ஒரு ட்யூபுக்குப் பதினொரு கால் என்றால், சாக்கெட் வைக்கும்போது காலும் சாக்கெட்டும் தொடும் இடம் பதினொன்று, சாக்கெட்டும் போர்டும் சேரும் இடம் இன்னொரு பதினொன்று. லூஸ் கான்டாக்ட் வரக்கூடிய இடம் இரட்டிப்பாகிறது, காசும் கூடுகிறது. சாக்கெட்டைத் தூக்கிவிட்டு ட்யூபின் மெல்லிய கம்பிகளை நேராக போர்டில் பற்றவைத்துவிட்டார்கள். கால்கள் விறைப்பை இழந்து தொங்கும் கம்பிகளாக மாறியது இப்படித்தான். பழைய பழக்கம் ஒரே நாளில் போய்விடவில்லை. இரண்டு வகையும் பல வருஷம் ஒன்றாகவே விற்றன. பிடுங்க வேண்டிய தேவை உள்ள அளவுமானிகளுக்கு பின், மலிவாகச் செய்ய வேண்டியவற்றுக்குக் கம்பி என்று ஒருவாறு பிரிந்துகொண்டன.

சோவியத் நாட்டு ட்யூபுகளில் இந்தப் பிரிவினை பளிச்சென்று தெரியும். ஐஎன்-12, ஐஎன்-14 இரண்டும் ஒரு வயதுக்காரர்கள். இரண்டிலும் எண்ணின் உயரம் 18 மில்லிமீட்டர். ஐஎன்-12 மேலிருந்து பார்க்கும் ட்யூப், நீள்வட்டத் தலை, அடியில் விறைப்பான பின்கள். ஐஎன்-14 நின்றபடி பக்கவாட்டில் எண்ணைக் காட்டும்; கீழே பதின்மூன்று கம்பிகள், அவற்றை ஒழுங்காகப் பிடித்திருக்க ஒரு பிளாஸ்டிக் வில்லை. ஐஎன்-12-இல் ஒரு வேடிக்கை உண்டு. அதன் 5-ஐ உற்றுப் பாருங்கள், 2-ஐத் தலைகீழாகத் திருப்பி வைத்திருப்பது தெரியும். அச்சு ஒன்று மிச்சம். ஒருமுறை கண்ணில் பட்டுவிட்டால் பிறகு அந்தக் கடிகாரத்தில் ஐந்து மணி என்றைக்கும் சரியாகத் தெரியாது.

ஐஎன்-12-க்கென்றே சோவியத் தொழிற்சாலைகள் செய்த சாக்கெட் பிஎல்31ஏ-பி. நான் பார்த்ததிலேயே மனசாட்சியோடு செய்த சாக்கெட் அதுதான் என்பேன். பேக்லைட்டின் ரஷ்ய உறவினரான கார்போலைட்டில் வார்த்த கனமான நீள்வட்டம், இரண்டு பக்கமும் திருகு ஓட்டை. ட்யூபை அதில் இறக்கினால் ஆடாது, சாயாது. அழகு பார்க்கிறவர்கள் இதை முரட்டுச் சாமான் என்று ஒதுக்குகிறார்கள். ராணுவ வண்டியில் குலுங்கிப் போகும் அளவுமானியை மனதில் வைத்துச் செய்தது வரவேற்பறைக் கடிகாரத்துக்கு முரடாகத்தான் தெரியும்.

என்னை இன்னும் அதிகமாக யோசிக்கவைத்த சாக்கெட் வேறு ஒன்று: பி13பி என்ற ஐரோப்பியப் பதின்மூன்று கால் சாக்கெட். ஹாலந்தின் பிலிப்ஸ் கம்பெனியுடைய இசட்எம்1040 இதில் உட்காரும், எண்ணின் உயரம் 30 மில்லிமீட்டர். கிழக்கு பெர்லினில் ஓபர்ஷோனவைடே பகுதியில் இருந்த அரசுத் தொழிற்சாலை, வெர்க் ஃப்யூர் ஃபெர்ன்சேஎலெக்ட்ரோனிக், இசட்566எம் என்ற ட்யூபைச் செய்தது. அதற்கும் 30 மில்லிமீட்டர், அதே பி13பி அடி. ஊருக்கு நடுவே சுவர் எழுப்பிப் பிரித்துக்கொண்டவர்கள் சாக்கெட்டில் மட்டும் பிரியவில்லை. கொள்கைப் பாசம் எதுவும் இதில் இல்லை. மேற்கே செய்த கருவிக்கு உதிரி ட்யூப் கொடுக்கவோ, கிழக்கே செய்ததை மேற்கே விற்கவோ வேண்டுமானால் கால் பொருந்தியாக வேண்டும், அவ்வளவுதான். இன்றைக்கு ஒருவர் பி13பி சாக்கெட் போட்ட பழைய கவுன்ட்டரைக் கொண்டுவந்தால், கையில் கிடைப்பது ஹாலந்து ட்யூபா ஜெர்மன் ட்யூபா என்று நான் கவலைப்படுவதில்லை.

நான் வேலைக்குச் சேர்ந்த ஆய்வகத்தில் நிக்ஸி அப்போதே பழைய சாமான் வரிசைக்கு நகர்ந்துகொண்டிருந்தது. கதிரியக்கத்தை எண்ணும் ஸ்கேலர் ஒன்று, அலைவெண் கவுன்ட்டர்கள் சில. புதிதாக வந்ததெல்லாம் சிவப்பு எல்இடி. எங்கள் செக்‌ஷனில் மூத்தவர் ஒருவர் இருந்தார், எல்லோருக்கும் அவர் பெரியவர்தான். வால்வு காலத்து ஆள். சாக்கெட்டில் ஒயர் பற்றவைக்கும் முறையை அவரிடம்தான் கற்றேன். சாக்கெட்டைப் போர்டில் பொருத்தியதும் சூட்டுக்கோலை எடுக்கப் போனால் கையைத் தட்டிவிடுவார்.

"டேய், முதல்ல பொம்மைய மாட்டு."

பொம்மை என்று அவர் சொன்னது வயரிங் ஜிக். ட்யூபின் கால்கள் நிற்கும் அதே இடத்தில் எஃகுப் பின்கள் நடப்பட்ட ஒரு கட்டை. அதைச் சாக்கெட்டில் செருகிவிட்டுத்தான் ஒயர் வைக்க வேண்டும். காரணம் இருக்கிறது. சாக்கெட்டின் உள்ளே இருக்கும் கான்டாக்ட் ஒவ்வொன்றும் தன் குழியில் கொஞ்சம் அசையும்படி விடப்பட்டிருக்கும். ட்யூபின் கால் ஒரு மயிரிழை விலகி நின்றாலும் அதோடு சேர்ந்து நகர்ந்து கொடுப்பதற்காக. கெட்டியான ஒயரை இழுத்துப் பற்றவைத்தால் ஈயம் இறுகும்போது கான்டாக்ட் ஒரு பக்கம் சாய்ந்து அப்படியே நின்றுவிடும். பிறகு ட்யூபை அழுத்தினால் கால் வளையும். கால் வளைந்தால் அது கண்ணாடிக்குள் நுழையும் இடத்தில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழும். ட்யூப் அன்றைக்கு எரியும், மறுநாளும் எரியும். காற்று மெல்ல உள்ளே போன பிறகு ஒருநாள் ஊதாவாக மினுக்கிவிட்டுப் போய்ச் சேரும். கடையில் ஜிக் கிடைக்காத சாக்கெட்டுக்குச் செத்த ட்யூபின் அடிப்பகுதியையே பெரியவர் பொம்மையாக வைத்திருந்தார். நானும் செத்த ட்யூபைத் தூக்கி எறிவதில்லை.

பழைய சாக்கெட்டைச் சரிசெய்ய உட்கார்ந்தால் நான் செய்வது இது. மின்சாரத்தைத் துண்டித்து, கெப்பாசிட்டரில் தங்கியிருப்பதை ஒரு ரெசிஸ்டர் வழியாக இறக்கிவிட்டு, ட்யூபை எடுத்துவிடுவேன். எடுக்கும்போது இடவலமாக ஆட்டக் கூடாது, நேராக மேலே தூக்க வேண்டும். பிறகு வெர்னியரில் ட்யூபின் கால் எத்தனை தடிமன் என்று அளந்து, அதே தடிமனில் ஒரு டிரில் பிட்டை எடுத்து அதன் வழுவழுப்பான வால் பக்கத்தை ஒவ்வொரு கான்டாக்டிலும் தனித்தனியாக இறக்கிப் பார்ப்பேன். விரலுக்குத் தெரியும். ஒன்று இறுக்கிப் பிடிக்கும், ஒன்று லேசாகப் பற்றும், ஒன்றில் பிட்டு தானாக விழும். தானாக விழுவதைப் பல் டாக்டர் வைத்திருக்கும் கொக்கி ஊசியால் உள்பக்கமாக ஒரு பொட்டு நெருக்க வேண்டும். இறுகிப் பிடிப்பதை விரிக்க வேண்டும். கறுத்துப்போன கான்டாக்டில் கான்டாக்ட் கிளீனரை நேராக அடிக்காமல் ஒரு மெல்லிய குச்சியில் தொட்டுத் தேய்த்தால் போதும். பேக்லைட்டில் எண்ணெய்ப் பிசுக்கு தங்கினால் தூசி வந்து ஒட்டிக்கொள்ளும்.

விரிக்க வேண்டும் என்று சொன்னதும் வால்வு ஆம்ப்ளிஃபையர் செய்கிறவர்கள் முகம் சுளிப்பார்கள். அவர்கள் வேதமே வேறு. சாக்கெட் என்றால் இறுக்கமாகப் பிடிக்க வேண்டும். அவர்கள் விஷயத்தில் அது நியாயம். ரேடியோவில் சத்தம் கொடுக்கும் இஎல்84 வால்வின் ஹீட்டருக்கு 6.3 வோல்ட்டில் முக்கால் ஆம்பியர் போக வேண்டும். கான்டாக்ட் சரியில்லை என்றால் அந்த இடத்திலேயே வோல்டேஜ் விழும், சூடாகும், பேக்லைட் கருகும். நிக்ஸியில் ஹீட்டரும் இல்லை, சூடும் இல்லை. ஒரு எண் எரிய இரண்டு மூன்று மில்லி ஆம்பியர். அதுவும் 170 வோல்ட் பின்னால் நின்று தள்ளும்போது கான்டாக்டின் மேல் படிந்த மெல்லிய துருப்படலத்தை அது துளைத்துக்கொண்டு போய்விடும். தொட்டுக்கொண்டிருந்தாலே போதும். பதின்மூன்று கால்களையும் வால்வுக்குப் பிடிக்கிற மாதிரி இறுக்கிப் பிடித்தால், பிடுங்கும்போது அத்தனை இழுவையும் கண்ணாடியின் மேல்தான் விழும். எரிந்து தேய்ந்த நிக்ஸியைவிடப் பிடுங்கும்போது செத்த நிக்ஸிகள்தான் என் கைக்கு அதிகம் வந்திருக்கின்றன. இறுக்கமான சாக்கெட்டை நல்ல சாக்கெட் என்று நினைப்பது ரேடியோவிலிருந்து இங்கே குடியேறிய மூடநம்பிக்கை.

தளர்ந்துபோனால் என்ன ஆகும் என்பதற்குப் போன மழைக்காலத்தில் வந்த ஒரு பையனைச் சொல்லலாம். இன்ஜினியரிங் படிக்கிறான், ஐஎன்-12 வைத்துத் தானே கடிகாரம் செய்திருந்தான்.

"ஐயா, நிமிஷ ட்யூப் போயிடுச்சு. 7 வரவே மாட்டேங்குது. வேற ட்யூப் ஆர்டர் பண்ணிடட்டுமா?"

"இருப்பா, அவசரப்படாத. 7 சுத்தமா வரலையா, பாதி வருதா?"

"சுத்தமா இல்ல. அந்த நேரத்துல மத்த நம்பரெல்லாம் சேர்ந்து லேசா மங்கலா தெரியுது."

அந்தப் பதிலே போதும். உலோகத் துகள் படிந்து எண் நோய்ப்பட்டிருந்தால், எண்ணின் ஒரு வளைவு மட்டும் இருண்டு மிச்சம் எரியும். அதற்கு மருந்து உண்டு, அந்த எண்ணை மட்டும் சற்றுக் கூடுதல் மின்னோட்டத்தில் மணிக்கணக்கில் எரியவிட்டால் படிவு உதிரும். நிக்ஸி கடிகாரங்கள் அவ்வப்போது எல்லா எண்ணையும் கடகடவென்று ஓட்டிக் காட்டுவதும் இந்த நோய் வராமல் இருக்கத்தான். முழு எண்ணும் காணாமல் போய், போக வழியில்லாத வோல்டேஜ் மற்ற எண்களில் புகை மாதிரி கசிந்தால், அந்த எண்ணின் கம்பி எங்கோ அறுந்து நிற்கிறது என்று பொருள். அறுவது பெரும்பாலும் சாக்கெட்டில். ட்யூபைப் பக்கத்து சாக்கெட்டில் மாட்டச் சொன்னேன். 7 வந்தது. கான்டாக்டை ஊசியால் நெருக்கிவிட்டு அனுப்பினேன். சோவியத் ட்யூபை ஆர்டர் செய்யும் முன் சாக்கெட்டை மாற்றி மாட்டிப் பார்க்க யாரும் சொல்லித் தராதது அவன் குற்றமல்ல.

கடலோர ஊரில் இன்னொரு தொல்லை உண்டு, ஈரம். எரியாமல் இருக்கும் எண்களை டிரைவர் சிப் சும்மா விட்டுவிடுவதில்லை. நிக்ஸிக்கென்றே வந்த 74141, அதன் சோவியத் நகலான கே155ஐடி1 இரண்டுமே அவற்றை அறுபது வோல்ட் அளவில் மிதக்கவிட்டிருக்கும். சாக்கெட்டின் மேல் பழைய ஃபிளக்ஸும் தூசியும் உப்புக்காற்றும் சேர்ந்தால் ஒரு காலுக்கும் அடுத்த காலுக்கும் நடுவே கசிவுப் பாதை உண்டாகி, பக்கத்து எண்ணின் ஆவி எட்டிப் பார்க்கும். மார்கழியில் நன்றாக இருந்த கடிகாரம் ஐப்பசியில் இரண்டு எண்ணைச் சேர்த்துக் காட்டும். ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் பிரஷ்ஷை நனைத்துக் கால்களின் இடைவெளியைக் கழுவி, வெயிலில் ஒரு பொழுது காயவைத்தால் தீர்ந்துவிடும். பீங்கானிலோ டெஃப்லானிலோ செய்த சாக்கெட்டில் இந்தத் தொல்லை மிகக் குறைவு. பேக்லைட் நல்லதுதான், ஆனால் அதன் பளபளப்பான மேல்தோல் சுரண்டுப்பட்டால் ஈரத்தை உறிஞ்சும். அப்படிச் சுரண்டிய சாக்கெட்டை நான் வாங்குவதில்லை.

வாங்குவது என்றதும் சென்னை மூர் மார்க்கெட் நினைவுக்கு வருகிறது. 1985-இல் அது எரியும் வரை, போர்க்காலத்து ரேடியோ சாமானெல்லாம் அங்கே சாக்குப்பையில் கிடக்கும். சாக்கெட்டைக் கிலோ கணக்கில் அள்ளலாம். அதன் பிறகு ரிச்சி ஸ்ட்ரீட். அங்கே இப்போதும் ஆக்டலும் நோவலும் கேட்டால் ஏதாவது ஒரு மூலையிலிருந்து எடுத்துக் கொடுப்பார்கள், ஆம்ப்ளிஃபையர்காரர்கள் புண்ணியம். நிக்ஸி சாக்கெட் என்று கேட்டால் முகத்தைப் பார்ப்பார்கள்.

அதனால் செய்துகொள்ள வேண்டியதுதான், இங்கேதான் சரித்திரம் ஒரு சுற்று சுற்றித் திரும்பியிருக்கிறது. 1970-களில் எல்இடி ஐந்து வோல்ட்டில் எரிந்து காட்டியதும் மேற்கே நிக்ஸி அடங்கிப்போனது. சோவியத் தொழிற்சாலைகள் 1980-களிலும் ஓடிக்கொண்டிருந்தன. இன்று கையில் கிடைக்கும் ஐஎன் வரிசையில் பெரும்பாலானவை அங்கே கிடங்கில் தங்கியவை. ஆக, ஒரு காலத்தில் ட்யூப் சீக்கிரம் போய்விடும் என்ற பயத்தில் சாக்கெட் வைத்தார்கள். ட்யூப் போகாது என்று தெரிந்ததும் சாக்கெட்டை எடுத்தார்கள். இன்றைக்கு மறுபடியும் வைக்கிறார்கள், இந்த முறை போவது போர்டும் சிப்பும், காப்பாற்ற வேண்டியது ட்யூப். பற்றவைத்த ட்யூபைப் பதின்மூன்று இடத்தில் ஈயத்தை உறிஞ்சி எடுப்பது அதன் உயிரோடு விளையாடுவது.

எனவே கம்பிக்கால் ஐஎன்-14-ஐக்கூட நான் பற்றவைப்பதில்லை. மில்-மேக்ஸ், ஹார்வின் மாதிரியான கம்பெனிகள் ஒற்றைப் பின்னுக்கான சின்னச் சின்னக் குழல் கான்டாக்டுகள் விற்கிறார்கள். போர்டில் தேவையான வட்டத்தில் ஓட்டை போட்டு அவற்றை நட்டுவிட்டால் அதுவே சாக்கெட். செலவு வேண்டாம் என்றால் வட்டத் துளை ஐசி சாக்கெட்டை உடைத்து அதன் கான்டாக்டுகளை எடுத்துக்கொள்ளலாம், ஐஎன்-14 கம்பிக்கு அது போதும். தடித்த பின்களுக்குக் கம்ப்யூட்டரின் பழைய டி-சப் கனெக்டரில் உள்ள பெண் கான்டாக்டுகள் பல நேரம் பொருந்தும். ஐஎன்-14-இல் கால்களை எப்படி எண்ணுவது என்பது புதிதாக வருகிறவர்களின் முதல் கேள்வி. கண்ணாடி அடியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் ஒரே ஒரு கம்பி மட்டும் உள்பக்கம் வெள்ளையாகப் பூசியிருக்கும். அதுதான் ஆனோடு. அதிலிருந்து ஆரம்பித்து, அடியிலிருந்து பார்த்தபடி வலஞ்சுழியாக எண்ண வேண்டும்.

பதின்மூன்று கம்பியையும் ஒரே நேரத்தில் பதின்மூன்று ஓட்டையில் இறக்குவது ஊசியில் நூல் கோப்பதைப் பதின்மூன்று மடங்காக்கிய வேலை. ஒரு வழி இருக்கிறது. ஆனோடை மட்டும் நீளமாக விட்டு, அடுத்ததை ஒரு மில்லிமீட்டர் குறைத்து, அதற்கடுத்ததை இன்னும் ஒன்று குறைத்து, படிப்படியாக வெட்டிக்கொண்டு போங்கள். முதல் கம்பி நுழைந்ததும் ட்யூபை லேசாகச் சாய்த்தால் இரண்டாவது தன் ஓட்டையைத் தேடி நிற்கும், பிறகு மூன்றாவது. ஒவ்வொன்றாக உள்ளே போய்விடும். வளைக்க வேண்டிய கம்பி இருந்தால் கண்ணாடியை ஒட்டி மூக்குப் பிளையரால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, பிளையருக்கு வெளியே இருக்கும் பகுதியை மட்டும் வளைக்க வேண்டும். அப்போது அழுத்தம் கண்ணாடிக்குப் போகாது.

எல்லா ட்யூபும் ஏறிய பிறகு பார்த்தால் ஏதாவது ஒன்று கோணலாக நிற்கும். சாக்கெட் நேராக இருந்தாலும் எண் சாய்ந்திருக்கலாம். இந்த ட்யூபுகள் கையால் அடுக்கியவை, உள்ளே இருக்கும் எண் அடியோடு ஒரே நேர்க்கோட்டில் நிற்கும் என்று யாரும் உத்தரவாதம் கொடுக்கவில்லை. 40 மில்லிமீட்டர் எண் கொண்ட ஐஎன்-18 மாதிரிப் பெரிய ட்யூபில் கொஞ்சம் சாய்ந்தாலும் கண்ணை உறுத்தும். ஆகையால் பெரிய ட்யூப் வைக்கும் கடிகாரத்தில் எல்லா சாக்கெட்டையும் ஒரே போர்டில் இறுக்க வேண்டாம் என்பது என் கட்சி. ஒவ்வொன்றையும் தனித்தனிச் சிறு போர்டில் வைத்து, திருகு ஓட்டையைக் கொஞ்சம் நீளமாக வெட்டி, திருகைத் தளர்த்தி விட்டுவிடுங்கள். எல்லா ட்யூபிலும் 1-ஐ எரியவையுங்கள், நேர்க்கோடு என்பதால் சாய்வு உடனே தெரியும். எது எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று குறித்துக்கொண்டு, மின்சாரத்தை நிறுத்தி, அந்த சாக்கெட்டைத் திருப்பி, மறுபடி எரியவைத்துப் பார்த்து, பிறகுதான் திருகை இறுக்க வேண்டும். எரியும்போதே திருப்பிப் பார்க்கலாமே என்று ஆசை வரும். 170 வோல்ட் ஞாபகம் இருக்கட்டும்.

புதிய ட்யூபே வேண்டும் என்கிறவர்களுக்கும் வழி பிறந்திருக்கிறது. செக் குடியரசில் டாலிபோர் ஃபார்னி என்பவர் ப்ரெசோலுபி என்ற ஊரின் பழைய மாளிகையில் பட்டறை போட்டு நிக்ஸி செய்கிறார். கிழக்கு ஜெர்மனியின் 50 மில்லிமீட்டர் இசட்568எம்-தான் அவருக்கு மாதிரி. கண்ணாடி ஊதுவதிலிருந்து வாயு நிரப்புவது வரை மறந்துபோயிருந்த வேலையை ஒவ்வொன்றாக மறுபடி கண்டுபிடித்திருக்கிறார். விலை நம்மை மிரட்டும். அதை வாங்குகிற தெம்பு இருப்பவர்களிடமும் நான் சொல்வது ஒன்றுதான்: ட்யூப் வருவதற்கு முன்பே சாக்கெட்டை வரவழைத்து, ஒவ்வொரு கான்டாக்டையும் டிரில் பிட்டால் தொட்டுப் பார்த்துத் தளர்த்தி வைத்துக்கொள்ளுங்கள்.